சகோதரித்துவத்தில் சேர முடியாது

அமெரிக்காவில் இருக்கும் ஒரு தமிழ் அமைப்பின் விழா மலருக்கு மெய்ப்புத் திருத்தித் தரும்படி சென்ற மாதம் கேட்டிருந்தார்கள். வாழ்த்துச் செய்திகளையும் கவிதைகளையும் கடந்து ‘இளைய தலைமுறைச் சாதனையாளர்கள்’ பகுதிக்கு வந்தேன். ஒரு மாணவியின் படத்துக்குக் கீழே இப்படி இருந்தது: “இவர் தனது பல்கலைக்கழகத்தில் பன்முகக் கலாச்சார, சேவை அடிப்படையிலான கல்லூரி சகோதரித்துவத்தின் அத்தியாயத் தலைவராக உள்ளார்.”

சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போய் ஒரு காப்பி போட்டுக் குடித்தேன். பிறகு அந்தப் பெண்ணின் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். “சொராரிட்டிதான் சார். வீட்டில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அசோசியேஷனில் யாரோ தமிழாக்கிவிட்டார்கள். கும்பகோணத்தில் என் மாமியார் இதைப் படித்துவிட்டு, குழந்தை ஏதாவது மடத்தில் சேர்ந்துவிட்டாளா என்று கேட்கிறார்” என்றார்.

அமெரிக்கக் கல்லூரி மாணவிகள் உறுப்பினராகச் சேரும் ஒருவகைச் சங்கம்தான் சொராரிட்டி. அதற்கு வழங்கும் இந்தச் ‘சகோதரித்துவம்’ எனக்குப் புதிதல்ல. வசன வரிகளில் பார்த்திருக்கிறேன், செய்திகளில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன். இந்த முறை ‘அத்தியாயம்’ வேறு சேர்ந்துகொண்டதால் முடியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘சொரோர்’ என்றால் உடன்பிறந்தவள். ஆங்கிலத்தின் ‘சிஸ்டர்’, சமஸ்கிருதத்தின் ‘ஸ்வஸா’ எல்லாம் அதே வேர். சமயப் பணிக்காகக் கூடி வாழும் பெண்களின் அமைப்பு என்ற பொருளில் ‘சொராரிட்டி’ 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. (கும்பகோணத்து மாமியார் தம்மை அறியாமல் ஐந்நூறு ஆண்டு பின்னால் போய் மூலப்பொருளைத் தொட்டிருக்கிறார்.) கல்லூரிக்குள் அந்தச் சொல் நுழைந்தது வெகு பின்னால். 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஆண்கள் ‘ஃபை பீட்டா கப்பா’ என்று கிரேக்க எழுத்துகளால் பெயர் வைத்துச் சங்கம் தொடங்கினார்கள். அது ஒரு வழக்கமாயிற்று. அப்படிப்பட்ட ஆண்கள் சங்கத்துக்கு ‘ஃப்ரட்டர்னிட்டி’ என்று பெயர். பெண்கள் கல்லூரிக்குள் வந்தபோது, 1870இல் தொடங்கிய ‘கப்பா ஆல்ஃபா தீட்டா’ தன்னையும் ‘ஃப்ரட்டர்னிட்டி’ என்றே அழைத்துக்கொண்டது. ஆனால் அதன் வேரான ‘ஃப்ராட்டர்’ என்பதன் பொருள் சகோதரன். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1874இல் பிறந்த ‘காமா ஃபை பீட்டா’ பெண்களைப் பார்த்து, அங்கிருந்த லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி 1882இல் ‘சொராரிட்டி’ என்று சொல்லலாமே என்றார். அது நிலைத்துவிட்டது. ஆக, அங்கேயும் பொருத்தமில்லாத ஒரு சொல்லை ஒரு மொழி ஆசிரியர்தான் திருத்த வேண்டியிருந்தது. எனக்கு அதில் ஓர் ஆறுதல்.

இனி ‘சகோதரித்துவம்’. இதன் தந்தை ‘சகோதரத்துவம்’. பிரெஞ்சுப் புரட்சியின் ‘சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்’ வழியாக நமக்கு நன்கு பழகிய சொல். அங்கே அது மிகச் சரி. ஏனென்றால் அங்கே பேசப்படுவது ஓர் உணர்வு, ஒரு பண்பு. ஆங்கிலத்தின் ‘ஃப்ரட்டர்னிட்டி’ பண்புக்கும் பெயர், பண்பால் கூடிய ஆட்களின் அமைப்புக்கும் பெயர். தமிழில் ‘துவம்’ சேர்ந்தால் பண்பு அல்லது நிலைமை மட்டுமே கிடைக்கும். சமத்துவத்தில் உறுப்பினராகச் சேர்ந்தேன், ஆண்டுச் சந்தா கட்டினேன் என்று யாராவது சொல்வார்களா? சமத்துவத்தைப் பெயரில் வைத்துக் கட்சி தொடங்கியவர்கள்கூட ‘சமத்துவ மக்கள் கட்சி’ என்று கட்சியைத் தனியே சேர்த்துக்கொண்டார்கள். சேர்வதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த மாணவிகள் சேர்வது உணர்வில் அல்ல. விதிமுறை, சந்தா, கிளை, தலைவர், செயலாளர் எல்லாம் உள்ள ஓர் அமைப்பில்.

இதற்கு நேர் எதிரான தவறு ‘மாணவியர் விடுதி’. 2020 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் வேட்பு ஏற்புரையில் ‘சித்தி’ என்ற சொல்லைச் சொன்னபோது நம் ஊர் எப்படிப் பூரித்தது என்பது நினைவிருக்கும். அதே மூச்சில், தன் குடும்பம் என்று அவர் ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’வையும் சொன்னார். 1908இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகள் தொடங்கிய சொராரிட்டி அது. அவர் அங்கே படிக்கும்போது 1986இல் சேர்ந்தார். நான் படித்த ஒரு செய்தியில், “தனது பழைய கல்லூரி விடுதியையும் அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்” என்று இருந்தது. விடுதிச் சாப்பாட்டை யாராவது குடும்பம் என்பார்களா? சில சொராரிட்டிகளுக்கு வளாகத்தை ஒட்டி வீடு உண்டு, உறுப்பினர்கள் அதில் தங்குவார்கள், அவ்வளவுதான். பலவற்றுக்கு வீடே கிடையாது. படிப்பு முடிந்து விடுதியைக் காலி செய்யலாம். சொராரிட்டி உறுப்பினர் பதவி ஆயுளுக்கும் உரியது.

அந்த உரையில் வந்த இன்னொரு தொடர், கறுப்பினத்தவரின் ஐந்து ஃப்ரட்டர்னிட்டிகளும் நான்கு சொராரிட்டிகளும் சேர்ந்த ஒன்பதுக்கு வழங்கும் ‘டிவைன் நைன்’ என்ற செல்லப்பெயர். அதைத் ‘தெய்வீக ஒன்பது’ என்று எழுதியிருந்தார்கள். வன்னி மரத்தடியில் எள் விளக்குப் போட வேண்டியதுதான் பாக்கி. இப்படியே போனால் ‘கிரேக்க மாணவிகள்’ வருவார்கள், வந்தும்விட்டார்கள். எழுத்து மட்டுமே கிரேக்கம், பெண்கள் அமெரிக்கர்கள் என்பதை ஒரு நிமிடம் தேடிப் பார்த்தால் தெரியும். ஆல்ஃபா, பீட்டா, தீட்டா, சிக்மா ஆகியவை நம் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் புத்தகத்திலேயே பழக்கம். அவற்றை அப்படியே எழுதினால் போதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மகளிர் குழு’ என்றார் ஒரு நண்பர். தமிழ்நாட்டில் மகளிர் குழு என்றால் வங்கிக் கடனும் வாரச் சேமிப்பும்தான் கண்முன் வரும். ‘மாதர் சங்கம்’ கையில் கொடியோடு நிற்கிறது. வடசொல் வேண்டாம் என்றவர் ‘உடன்பிறப்புக் கழகம்’ என்று சொல்லிவிட்டு, தாமே சிரித்துவிட்டார். கலைஞர் அந்தச் சொல்லைக் கடிதம் கடிதமாக எழுதி ஒரு கட்சிக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார். இனி அதை வேறு யாரும் வாங்க முடியாது.

உண்மையிலேயே வலுவான போட்டி என்றால் அது ‘ஆயம்’. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இதற்காக என்னோடு இரண்டு மாலைப்பொழுது வாதாடினார். சங்க இலக்கியத்தில் தலைவியோடு விளையாடும் தோழியர் கூட்டத்துக்கு ஆயம் என்று பெயர். அழகான சொல். சின்னது. ஆண் கலவாதது. வட எழுத்தும் கிடையாது. “இவ்வளவு இருந்தும் உனக்கு என்ன குறை?” என்றார். முதல் மாலை நான் ஏறக்குறையச் சம்மதித்துவிட்டேன். இரவு படுக்கையில்தான் உறுத்தியது. ஆயத்தின் நடுவில் ஒரு தலைவி இருக்கிறாள். அவள் பூக்கொய்யப் போனால் ஆயமும் போகும். அவள் உடன்போக்கில் போய்விட்டால் ஆயம் அவளது பந்தையும் பாவையையும் பார்த்து அழும். ஆயத்துக்கென்று தனி வாழ்வு இல்லை. சொராரிட்டியில் அப்படி ஒரு நாயகி கிடையாது. இருந்தால் அடுத்த தேர்தலில் மாற்றிவிடுவார்கள்.

இரண்டாவது மாலை இதைச் சொன்னேன். “பொருள் விரியும், சொல் தாங்கும்” என்றார். தாங்கும்தான். ஆனால் ஆயத்தின் தலைமேல் ஏற்கெனவே எத்தனை மூட்டைகள்! ஆயம் என்றால் சுங்கவரி. ஆயம் என்றால் பசுக்கூட்டம். இன்றைய அரசுத் தமிழில் தீர்ப்பாயம் வேறு. “என் மகள் ஆயத்தில் சேர்ந்திருக்கிறாள்” என்று ஒரு தாய் சொன்னால், கேட்பவர் வேலை நிரந்தரமா என்று கேட்பார். அதுவும் போகட்டும். ஆயத்தார் சேர்ந்து வளர்ந்தவர்கள், ஓர் ஊர்க்காரிகள். சொராரிட்டியில் முன்பின் தெரியாதவர்கள் விண்ணப்பித்து, காத்திருந்து, உறுதிமொழி எடுத்து உறவாகிறார்கள். உறவுச்சொல் இல்லாமல் இதைச் சொன்னால் உயிர்நாடி போய்விடும். ஆசிரியர் பதில் சொல்லவில்லை. முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

எனக்குச் ‘சகோதரி’யே போதும். வடசொல்லாயிற்றே என்பவர்களுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். சக உதரம், அதாவது ஒரே வயிறு. அதிலிருந்து பிறந்தது சகோதரி. கிரேக்கத்தில் சகோதரிக்கு ‘அடெல்ஃபே’. அதைப் பிரித்தாலும் ஒன்றாதலைக் குறிக்கும் ‘அ’, கருப்பையைக் குறிக்கும் ‘டெல்ஃபுஸ்’, அதே ஒரே வயிறு. 1851இல் ஜார்ஜியா மாநிலத்து வெஸ்லியன் கல்லூரியில் மாணவிகள் தொடங்கிய ‘அடெல்ஃபியன் சங்கம்’ இந்த வகையில் மிகப் பழையது. இன்று அதற்கு ‘ஆல்ஃபா டெல்டா பை’ என்று பெயர். கிரேக்கப் பெயர் சூடும் பெண்களுக்குச் சகோதரியைவிடப் பொருந்தும் சொல் கிடைக்காது.

ஒரு குறை உண்டு. நம் பேச்சில் சகோதரி என்று யாரும் இல்லை. அக்காளோ தங்கையோதான் உண்டு. ஆனால் அதுவே இங்கே வரமாகிறது. புதிதாகச் சேர்பவளுக்குச் சொராரிட்டியில் மூத்த உறுப்பினர் ஒருத்தியை வழிகாட்டியாகக் கொடுப்பார்கள். ஆங்கிலத்தில் ஒருத்தி ‘பிக் சிஸ்டர்’, மற்றவள் ‘லிட்டில் சிஸ்டர்’. இரண்டு சொல் சேர்த்துத்தான் அவர்களால் சொல்ல முடிகிறது. இதைப் ‘பெரிய சகோதரி’, ‘சிறிய சகோதரி’ என்று மொழிபெயர்த்தவர் எந்தத் தெருவில் வளர்ந்தார்? அவர் வீட்டில் அக்காவே இல்லையா?

சங்கமா, சபையா, கழகமா என்பது பெரிய சிக்கல் இல்லை. ‘சகோதரிகள் சபை’ என்றால் மறுபடியும் கன்னியாஸ்திரீகள் வந்துவிடுவார்கள். கழகத்தின் கதை மேலே சொன்னதுதான். சங்கம் எல்லாருக்கும் பொது. எனவே மாணவியர் சகோதரிச் சங்கம். ஒருமுறை இப்படிச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலிருந்து சொராரிட்டி என்றே எழுதினாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். ரயிலும் டிக்கெட்டும் உள்ளே வந்த வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

இனி அந்த வாக்கியத்தின் மற்ற உறுப்புகள். ‘பன்முகக் கலாச்சாரம்’ என்றால் பல முகங்கள் கொண்ட ஒரே கலாச்சாரம். சொல்ல வந்தது அதுவல்ல. அமெரிக்கச் சொராரிட்டிகளில் வெள்ளையர் அல்லாதவருக்கு நெடுங்காலம் கதவு அடைத்தே இருந்தது. கறுப்பினப் பெண்கள் தங்களுக்கென்று தொடங்கினார்கள். 1975இல் லத்தீன் அமெரிக்க வழிவந்த மாணவிகள் ‘லாம்டா தீட்டா ஆல்ஃபா’ தொடங்கினார்கள். 1981 நவம்பரில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐந்து பெண்கள் கூடி, எந்த இனத்தவளும் வரலாம் என்று ‘மியூ சிக்மா உப்சிலான்’ சொராரிட்டியைத் தொடங்கினார்கள். அந்த வகையில் முதலாவது அதுதான். 1997இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் ‘தீட்டா நூ க்சை’ வந்தது. அடைத்த கதவும் திறந்த கதவும் சேர்ந்த இந்த வரலாறு ‘பன்முகம்’ என்ற சொல்லில் எங்கே தெரிகிறது? ‘பல இன’ என்றால் உடனே தெரியும். பண்பாடுதான் வேண்டும் என்றால் ‘பல்பண்பாட்டு’ என்று எழுதுங்கள்.

‘அடிப்படையிலான’ பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். பால் அடிப்படையிலான இனிப்பு, சூரிய சக்தி அடிப்படையிலான விளக்கு, அனுபவ அடிப்படையிலான கற்றல். பால்கோவாவைத் தின்றுகொண்டே பால் அடிப்படையிலான இனிப்பு என்று எழுதுகிற கைக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்? 1952இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘காமா சிக்மா சிக்மா’ தொண்டுக்காகவே ஏற்பட்ட சொராரிட்டி. தொண்டுச் சங்கம் என்றால் முடிந்தது. சேவை என்றால் இ-சேவை மையமும், எங்கள் வீட்டில் தேங்காய்ச் சேவையும்தான் நினைவுக்கு வருகின்றன.

‘அத்தியாயம்’ பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலத்தின் ‘சாப்டர்’ இங்கே கிளை. வங்கிக்கும் கட்சிக்கும் இருப்பதுபோல் கிளை. அகராதியில் முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிற மொழிபெயர்ப்பாளர், இரண்டாம் பொருள்வரை விரலை இறக்கினால் தேய்ந்தா போய்விடும்?

கடைசியில் வாக்கியத்தை இப்படித் திருத்தினேன்: “பல இன மாணவியரும் சேர்ந்து தொண்டாற்றும் சகோதரிச் சங்கத்தின் பல்கலைக்கழகக் கிளைக்கு இவர் தலைவர்.” தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். “இது புரிகிறது சார், மாமியாருக்கும் புரியும்” என்றார். அனுப்பிவிட்டேன்.

மலர் அச்சாகி நேற்று வந்தது. என் திருத்தத்தையும் விட மனமில்லாமல், மூலத்தையும் விட மனமில்லாமல், குழுவில் யாரோ இரண்டையும் சேர்த்து ‘சகோதரித்துவ சங்கம்’ என்று போட்டிருந்தார்கள். சமத்துவ மக்கள் கட்சியை உதாரணம் காட்டியவன் நான். இலக்கணப்படி எதிர்க்க வழியில்லை. இடையில் ஒரு ‘ச்’ விட்டுப்போயிருப்பதை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.