பவர் கொடுத்த வீடும் காணாமல் போன தூண்களும்

பினாங்கில் இருக்கும் ஒரு அண்ணன், ஊர்த் திருவிழாவுக்கு வந்தவர், பூர்வீக வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு நேராக காரைக்குடியில் என் அலுவலகத்துக்கு வந்தார். வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், நான்கு தேக்குத் தூண்கள் இல்லை. அவர் புள்ளிக்குரிய (மணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி) இரட்டை வீட்டின், அதாவது அவர் பங்கு அறைகளின், கதவும் இல்லை. ஓடு மாற்றத்தான் உறவுக்காரர் ஒருவருக்குப் பவர் (தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்திருந்தார். "மராமத்துக்குப் பணம் பத்தலை, அதான் வித்தேன்" என்றாராம் பவர் வாங்கிய அந்த முகவர்.

பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். "சொத்து சம்பந்தமான சகல காரியங்களையும் செய்ய" என்று ஒரு வரி. எனக்கு வயிறு எரிந்தது. ஓடு மாற்ற அந்த வரி எதற்கு?

முகவர் உங்கள் கை, அவ்வளவுதான். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, நீங்கள் சொன்னபடி அவர் நடக்க வேண்டும், கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். நம் நகரத்தார் பாட்டன்மாருக்கு இது நன்றாகத் தெரியும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஏஜெண்டுகள் முதலாளி கொடுத்த பவரோடுதான் பெட்டியடியில் (கடையில் பணப்பெட்டி இருக்கும் இடத்தில்) உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் 3 வருடத் தவணை. முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். நாமோ தவணையும் எழுதுவதில்லை, கணக்கும் கேட்பதில்லை.

என்ன வேலை, எத்தனை நாள் என்று எழுதுங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரமில்லை என்பதையும் எழுதுங்கள். பொது வீட்டில் உங்கள் பங்குக்கு மட்டுமே நீங்கள் பவர் தர முடியும், பங்காளிகளுடையதற்கு அல்ல. வெளிநாட்டில் கையெழுத்திட்ட பவர் இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஆச்சிக்கு நினைவு தப்பிருச்சு, பவர்தான் இருக்கே, நான் கையெழுத்துப் போடலாமா?" கூடாது. கொடுத்தவர் இறந்தாலும் மனநிலை தவறினாலும் பவர் முடிந்துவிடுகிறது. முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமை இருந்தால்தான் விலக்கு. பெற்ற பிள்ளைகளிடம் இதைச் சொல்வது எனக்கு எப்போதும் கஷ்டம்தான். ஆனாலும் அந்தக் கையெழுத்துக்கு நான் துணை போக முடியாது.

ரத்து செய்வதென்றால் போனில் திட்டினால் போதாது. முகவருக்குத் தெரிந்த பிறகுதான் ரத்து அவரைக் கட்டுப்படுத்தும். அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். அண்ணனுக்கு, பவர் பதிவான அலுவலகத்திலேயே ரத்துப் பத்திரம் பதிந்தோம். முகவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது. பழம்பொருள் கடைகளுக்கு நானே நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தேன். போன தூண்கள் வரவில்லை. மிச்சமிருந்தவை நிற்கின்றன.