எசோஃபஜெக்டமி: உணவுக்குழாய் நீக்கம்

உணவுக்குழாய்ப் புற்றுக்குச் செய்யும் பெரிய அறுவை எசோஃபஜெக்டமி. இரண்டு கிரேக்கத் துண்டுகள் ஒட்டிய சொல். ‘ஓய்சோஃபாகோஸ்’ என்றால் உண்டதைச் சுமந்து செல்வது. ‘எக்டோமே’ என்றால் வெட்டி வெளியே எடுப்பது. குடல்வால் நீக்கம், கருப்பை நீக்கம் என்ற வரிசையில் தமிழில் ‘உணவுக்குழாய் நீக்கம்’ என்கிறோம். ‘உணவுக்குழல்’ என்று எழுதுவோரும் உண்டு. எனக்குக் குழல்தான் பிடிக்கும். குழாய் என்றதும் விறைப்பான இரும்பு நினைவுக்கு வருகிறது; இதுவோ சுருங்கி விரிந்து கவளத்தைக் கீழே தள்ளும், சுமார் 25 செ.மீ. நீளத் தசை. ஆனால் குழாய் நிலைத்துவிட்டது, போகட்டும்.

சிக்கல் ‘நீக்கம்’ என்பதில்தான். குடல்வாலை நீக்கினால் வேலை முடிந்தது. உணவுக்குழாயை நீக்குவதாகச் சொன்னால், ‘பிறகு எப்படிச் சாப்பிடுவது?’ என்றுதான் யாரும் கேட்பார்கள். விடை அந்தச் சொல்லில் இல்லை. புற்றுள்ள பகுதியையும் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்த பின், இரைப்பையையே ஒடுக்கமான குழலாகத் தைத்து மார்புக்குள் மேலிழுத்து, எஞ்சிய மேல்முனையோடு இணைக்கிறார்கள். பாதி வேலை இந்த இணைப்புதான், ஆபத்தும் அங்கேதான். தையல் கசிந்தால் மார்புக்குள் சீழ் பிடிக்கும்.

1913இல் நியூயார்க்கில் அறுவை மருத்துவர் ஃபிரான்ஸ் டோரெக் 67 வயதுப் பெண் ஒருவருக்குச் செய்தது சொல்லுக்கு அச்சாகப் பொருந்தும் நீக்கம். உள்ளே எதையும் இணைக்கவில்லை. கழுத்தில் ஒரு துளை, இரைப்பையில் ஒரு துளை, இரண்டுக்கும் நடுவே உடலுக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய். அதன் வழியே உண்டு அவர் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இன்று நடப்பதை ‘உணவுக்குழாய் நீக்க இணைப்பு’ என்றால் நோயாளியின் அச்சம் பாதி குறையும்.

தொடக்க நிலைப் புற்று என்றாலே நீக்கம் என்றும் இல்லை. உட்படலத்தோடு நின்றிருந்தால் எண்டோஸ்கோப்பி வழியே அந்தப் படலத்தை மட்டும் அறுத்தெடுப்பது பெரும்பாலும் போதும். அதற்கடுத்த அடுக்கில் ஆழமாக இறங்கிவிட்டால் கணுக்களுக்குப் பரவும் வாய்ப்பு கூடுகிறது. அப்போதுதான் பெரிய அறுவை. கணுக்களில் பரவாத நிலையில் அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். ஆனால் ஒரே வேளையில் வயிறு நிறைய உண்ண முடியாது, சிறிது சிறிதாகப் பல வேளை உண்ண வேண்டும். தலைப்பக்கம் உயர்த்தித்தான் படுக்க வேண்டும்.

தொண்டைக்குப் பழந்தமிழில் ‘மிடறு’ என்று பெயர், சிவன் மணிமிடற்றோன். அதே சொல் ஒரு தடவை விழுங்கும் அளவையும் குறிக்கும். தையல் ஆறியபின் நோயாளிக்கு வாய்வழியே முதலில் தருவது அதுதான்: ஒரு மிடறு தண்ணீர்.