கியர் உதறினால் கியர்பாக்ஸைப் பிரிக்கணுமா?

"ஆட்டோமேட்டிக் கார். மெதுவாகப் போகும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது. மூன்றாவது கியர் விழும்போது 'டொக்'கென்று ஒரு அடி. கியர்பாக்ஸைப் பிரிக்கணும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். அவசரப்படாதீர்கள். முதலில் த்ராட்டில் சென்சாரைப் பார்த்துவிடுங்கள். த்ராட்டில் என்பது ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறந்து இன்ஜினுக்குக் காற்று விடும் கதவு; அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வதே இந்த சென்சார்.

எப்போது கியர் மாற்றுவது என்று முடிவு செய்ய வண்டியின் வேகமும், ஆக்சிலரேட்டரை நீங்கள் எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்பதும் தெரிய வேண்டும். 1982-இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 கியர்பாக்ஸுக்கு மிதியின் அளவைச் சொன்னது ஒரு கேபிள். அதைச் சரியாக வைக்காமல் விட்டால் ஆயில் அழுத்தம் குறைந்து, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கும், கருகும். 1993-இல் அதன் வாரிசாக 4எல்60-இ வந்தபோது கேபிள் போய், அந்த வேலை த்ராட்டில் சென்சாரிடம் வந்தது.

பள்ளியில் படித்த மின்தடைதான் இந்த சென்சார். ஒரு கார்பன் தடம், அதன் ஒரு முனையில் 5 வோல்ட், மறுமுனையில் எர்த். த்ராட்டில் திறக்கத் திறக்க ஒரு சின்ன உலோக விரல் தடத்தின் மேல் நகரும். அது நிற்கும் இடத்து மின்னழுத்தமே, கியர் மாற்றத்தை முடிவு செய்யும் வண்டியின் கம்ப்யூட்டருக்குப் போகும் செய்தி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. த்ராட்டில் முழுதாக மூடியிருக்கும்போது பூஜ்ஜியம் வராது, சுமார் 0.5 வோல்ட் வரும். முழுதாகத் திறந்தால் 5 அல்ல, சுமார் 4.5. இரு ஓரத்திலும் வேண்டுமென்றே இடம் விட்டிருக்கிறார்கள். மூடிய த்ராட்டிலுக்குப் பூஜ்ஜியம் என்று வைத்திருந்தால், கால் எடுத்ததற்கும் சிக்னல் வயர் எர்த்தில் உரசுவதற்கும் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது. இப்போதோ பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் பி0122, 5-ஐ ஒட்டி வந்தால் பி0123 என்று கம்ப்யூட்டர் பிழைக் குறியீட்டைப் பதிந்துவிடும். கூடுதலாக ஒரு வயர்கூட இல்லாமல், அரை வோல்ட்டை ஒதுக்கியே சென்சார் தன் நோயைச் சொல்கிறது. என்ன அழகான பொறியியல்!

ஆனால் தடம் தேய்ந்தால் இந்தக் காவலும் சில நேரம் ஏமாறும். நாம் பெரும்பாலும் லேசாகத்தான் மிதிக்கிறோம். அதனால் மூடிய நிலையை அடுத்த பகுதிதான் முதலில் தேயும். பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகினால் கரகரக்குமே, அதே நோய். விரல் அந்த இடத்தைக் கடக்கும்போது நொடியில் ஒரு சிறு பங்குக்கு சிக்னல் அறுந்து திரும்பும். கால் எடுத்தாயிற்று என்று நினைத்து கம்ப்யூட்டர் மேல் கியருக்குப் போகும். மறுகணமே மிதித்தாயிற்று என்று கீழே இறங்கும். மிதிக்கு ஏற்ப கிளட்சை அழுத்தும் ஆயில் அழுத்தமும் மாறுவதால், தவறாகக் கூடினால் 'டொக்', தவறாகக் குறைந்தால் வழுக்கல்.

பார்ப்பது சுலபம். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப். 5 வோல்ட்டும் எர்த்தும் சரியா, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சிக்னல் வயரில் மீட்டரை வைத்து, த்ராட்டிலை மிக மெதுவாகத் திறக்க வேண்டும். முள் வைத்த பழைய மீட்டர் இங்கே டிஜிட்டலைவிட நல்லது. டிஜிட்டல் மீட்டர் அந்தச் சின்ன அறுபடலைச் சராசரியில் விழுங்கிவிடும். முள் துடித்துக் காட்டிக்கொடுக்கும். மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் தெளிவு. ஐடிஐ மாணவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஆசிலோஸ்கோப் கொடுத்துப் பழக்க அரசு செலவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அளக்கக் கற்றுக்கொடுக்காததால்தான் மெக்கானிக்குகள் பாகம் பாகமாக மாற்றிப் பார்க்கிறார்கள், பில் நம் தலையில் விழுகிறது.

ஆக்சிலரேட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கேபிளே இல்லாத புது வண்டிகளில் இரண்டு சென்சார்கள் ஒன்றையொன்று சரிபார்க்கும். முரண்பட்டால் வண்டி குறைந்த சக்தியில்தான் ஓடும். பலவற்றில் உரசும் விரலே கிடையாது, காந்தப்புலத்தை வைத்து அளக்கிறார்கள்.

முள் எங்கும் துடிக்காமல் சீராக ஏறினால் சென்சார் மேல் குற்றமில்லை. அடுத்து கியர் ஆயிலின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். ஆயில் கறுத்து, கருகல் வாடை அடித்தால் மெக்கானிக் சொன்னது சரிதான், பிரிக்கத்தான் வேண்டும்.