இன்ஹிபின்: அடக்கிவைக்கும் சுரப்பு

லத்தீனில் 'இன்ஹிபேரே' என்றால் பிடித்து நிறுத்துதல், அடக்கிவைத்தல். விந்தகத்திலிருந்து வந்து, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடக்கும் ஒரு பொருளுக்கு 1932-இல் மெக்கல்லா என்ற ஆய்வாளர் வைத்த பெயர் இன்ஹிபின். விந்தகத்தை ஆராயும்போது பிறந்த பெயர் இன்று புற்றுநோய்ப் பிரிவில் அதிகம் அடிபடுவது சினைப்பைக் கட்டிகளை ஒட்டித்தான்.

சினைப்பையில் முட்டையைச் சூழ்ந்திருக்கும் கிரானுலோசா செல்கள் இதைச் சுரந்து, முட்டை வளரத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்.எஸ்.எச்.-ஐ அடக்குகின்றன. மாதவிடாய் நின்றபின் முட்டை வளரும் நுண்பைகள் தீர்ந்துபோவதால் இன்ஹிபின் மிகவும் குறைந்துவிடும். பிடி தளர்ந்த எஃப்.எஸ்.எச். மில்லிலிட்டருக்கு 30 மில்லி யூனிட்டுக்கு மேல் ஏறி நிற்கும். 60 வயதுப் பெண்ணுக்கு எஃப்.எஸ்.எச். தாழ்ந்தும், எஸ்ட்ரஜன் வகை ஹார்மோனான எஸ்ட்ரடையால் உயர்ந்தும் இருந்தால், ஹார்மோன் மாத்திரை எடுக்கிறாரா என்று முதலில் கேட்க வேண்டும். இல்லையென்றால், இன்ஹிபினும் எஸ்ட்ரஜனும் சுரக்கும் கிரானுலோசா செல் கட்டி இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இக்கட்டி உள்ள பெண்கள் பெரும்பாலும் வருவது ரத்தப்போக்குக்காக. யோனிவழி ஸ்கேனில் கருப்பை உட்படலம் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் பயாப்சி எடுப்பார்கள். பிசகுவது இங்கேதான்: தடிப்புக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, அதைத் தடிக்கவைக்கும் எஸ்ட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று சினைப்பையைப் பார்க்காமல் விடுவது. சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனை இயல்பு என்று ஆறுதல் கொள்வதும் தவறு. அது மேற்படலக் கட்டிகளுக்கான குறியீடு, இக்கட்டியில் பலருக்கு உயர்வதில்லை. இன்ஹிபின் உயர்ந்தாலே கிரானுலோசா என்றும் முடிவுகட்ட முடியாது, சளி சுரக்கும் மியூசினஸ் கட்டிகளிலும் உயரும். சந்தேகத்தைத் தீர்க்கக் கட்டியில் ஊசி குத்தக் கூடாது. கட்டி உடைந்து செல்கள் வயிற்றுக்குள் சிந்தினால் நோயின் நிலை ஒரு படி ஏறிவிடும். உறுதிசெய்வது, அறுவையில் முழுதாக எடுத்த கட்டியின் திசுப் பரிசோதனைதான். இக்கட்டி 10, 20 ஆண்டு கழித்தும் திரும்பிவரக்கூடியது. அறுவைக்கு முன் இன்ஹிபின் உயர்ந்திருந்தவர்களுக்கு, பின்னாளில் கண்காணிக்கவும் அதுவே உதவும்.

தமிழில் 'தடுப்பி' என்று எழுதலாம்தான். ஆனால் நொதித் தடுப்பி முதல் அரிப்புத் தடுப்பி வரை எல்லாமே தடுப்பி. தடுப்பது வேறு, அடக்குவது வேறு: எஃப்.எஸ்.எச். நின்றுபோவதில்லை, அடங்கியிருக்கிறது. ஹார்மோனை இயக்குநீர் என்பதால், இதை 'அடக்குநீர்' என்பது பொருந்தும். ஆய்வகச் சீட்டில் மட்டும் 'இன்ஹிபின் பி' என்றே எழுதுங்கள். இக்கட்டியில் அதிகம் உயர்வது பி வகை. ஏ வகையை மட்டும் அளந்தால் கட்டி கண்ணில் படாமல் போகலாம்.