மேஷ் டன்: துழவைத் தொட்டி

வீட்டில் பீர் காய்ச்சுவது பிரிட்டனில் 1963 முதல் உரிமம் தேவைப்படாத பொழுதுபோக்கு. அமெரிக்காவில் அதற்கு வழிவிட்ட சட்டம் 1978இல் வந்தது. அந்த நாட்டுக் கைவினைக்காரர்கள் தாமே செய்துகொள்ளும் முதல் கருவி பெரும்பாலும் ‘மேஷ் டன்’தான்: முளைதானியத்தை வெந்நீரில் கலந்து வைக்கும் தொட்டி. தமிழில் இதை ‘மசியல் தொட்டி’ என்று எழுதினால் உருளைக்கிழங்குதான் நினைவுக்கு வரும். வேலையும் தவறாகப் புரியும்.

‘மேஷ்’ என்பது பழைய ஆங்கிலத்திலேயே மது காய்ச்சுவோரின் சொல். முளைதானியத்தை வெந்நீரில் கலந்த கூழை அது குறித்தது. நசுக்குதல், மசித்தல் என்ற பொருளெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டவை. ‘டன்’ என்றால் பெரிய மரப்பீப்பாய். ஒரு பீப்பாய் திராட்சை மது 252 காலன். அதன் கனத்திலிருந்தே எடையளவான டன்னும் பிறந்தது. ஆகவே ‘மேஷ் டன்’ என்றதும் லாரி எடையை நினைத்துக்கொள்பவர் முழுக்கத் தவறிவிடவில்லை.

தொட்டியின் வேலை எளிது. முளைவிட்ட பார்லியில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க வேண்டும். அதற்கு 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூடு சுமார் ஒரு மணி நேரம் நிலைத்திருக்க வேண்டும். சுற்றுலாவுக்குக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டி குளிரைக் காப்பது போலவே சூட்டையும் காக்கும் என்பதால் அதையே தொட்டியாக்கிவிடுகிறார்கள். அடியில் இருக்கும் வடிகால் துளையில் வாஷர் வைத்து ஒரு குழாயை முடுக்குகிறார்கள். வாஷ்பேசினுக்குத் தண்ணீர் கொண்டுவரும் எஃகுப் பின்னல் குழாயை எடுத்து, உள்ளே இருக்கும் ரப்பரை உருவிப் போட்டுவிட்டு, வெறும் பின்னலின் ஒரு முனையை மடித்து நசுக்கி, மறுமுனையை வடிகால் குழாயின் உட்பக்கம் கவ்வியால் இறுக்கினால் வடிகட்டி தயார். 5 கிலோ உடைத்த முளைதானியத்துக்கு 15 லிட்டர் நீர். நீரை 72, 73 டிகிரிக்குக் காய்ச்சி ஊற்றினால், குளிர்ந்த தானியம் இழுத்துக்கொண்டதுபோக 66இல் நிற்கும். மூடியைத் திறந்தால் முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சியின் வாசனை.

இதற்குத் தமிழ்ச் சொல்? ‘ஊறல்’ கைவசம் இருக்கிறது. ஆனால் போலீசார் அழிக்கும் சாராய ஊறல் புளித்துக்கொண்டிருப்பது. மேஷ் இன்னும் புளிக்கத் தொடங்காதது. நான் தேர்ந்தெடுப்பது ‘துழவை’. பெரும்பாணாற்றுப்படை மது செய்யும் முறையைச் சொல்லும் இடத்தில் ‘அவையா அரிசி அம் களித் துழவை’ என்கிறது. குற்றாத அரிசியைத் துழாவிச் சமைத்த கூழ் அது. அதை அகன்ற வாய்ப் பிழாவில் ஆற்றிய பிறகே ‘நல்லடை’ சேர்கிறது. உரைகாரர்கள் அதை நெல்முளை என்கிறார்கள். ஆற்றுவதை நான் வெறும் வர்ணனையாகப் படிக்கவில்லை. கொதிக்கும் கூழில் முளையைப் போட்டால் நொதி அழிந்துவிடும், மாவு இனிப்பாகாது. ஐஸ் பெட்டிக்காரர் வெப்பமானியைப் பார்த்துச் செய்வதை அவர்கள் கையால் தொட்டுப் பார்த்துச் செய்திருப்பார்கள்.

அங்கே கூழைச் சமைத்து முளையைப் பிறகு கலக்கிறார்கள், இங்கே முளைதானியமே கூழாகிறது என்ற வேறுபாடு உண்டுதான். நடக்கும் மாற்றம் ஒன்று என்பதால் சொல்லைக் கடன் வாங்கலாம். கிண்டும் கருவிக்கோ புதுச்சொல்லே தேவையில்லை: ஆங்கிலத்தில் அது படகுத் துடுப்பின் பெயரையே தாங்கியிருக்கிறது, நமக்கும் களி கிண்டுவது துடுப்புதான்.

வடிகட்டி பொருத்திய இதே பெட்டிக்கு ‘லாட்டர் டன்’ என்ற பெயரும் உண்டு. தெளியவைத்தல் என்ற பொருளுள்ள ஜெர்மன் சொல் அது. பெரும்பாணாற்றுப்படை அந்த மதுவை ‘அரியல்’ என்கிறது. அரித்து எடுப்பதால் வந்த பெயர். வடிக்கும் நேரத்தில் பெட்டியை ‘அரிதொட்டி’ என்று சொல்லிக்கொள்ளலாம்.