பிரிட்டன்ல விசாவுல இருக்கற உங்களுக்கும் ஓட்டு இருக்கு

2024 ஜூன்ல திருச்சி பக்கத்து பொண்ணு ஒருத்தங்க விசா எக்ஸ்டென்ஷனுக்காக லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருக்கற நம்ம ஆபீஸுக்கு வந்தாங்க, கேர் ஹோம்ல வேலை. அட்ரஸ் ப்ரூஃப் எதாவது இருக்கான்னு கேட்டா ஒரு டெஸ்கோ பையில ரெண்டு வருஷ லெட்டரையும் அப்படியே அள்ளிட்டு வந்துட்டாங்க, பாதிய பிரிக்கவே இல்ல. அதுல கவுன்சில் கவர் மட்டும் மூணு. ஒண்ணைப் பிரிச்சா, இந்த வீட்ல யார் யாரெல்லாம் ஓட்டுப் போடலாம்னு கேட்டு வந்த ஃபார்ம். "இது முன்னாடி குடியிருந்தவங்களுக்கு வந்ததுன்னு நெனச்சேன் சார், மேல ஏதோ ஆக்குபையர்னு போட்டிருந்துச்சு"ன்னாங்க. அந்த ஆக்குபையரே, அதாவது அந்த வீட்ல குடியிருக்கறவரே, நீங்கதாம்மா!

2024 மே 22-ம் தேதி, அப்போ பிரிட்டன் பிரதமரா இருந்த ரிஷி சுனக் மழையில தொப்பலா நனைஞ்சுகிட்டு எலக்ஷன் அறிவிச்சதை நம்ம வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் மீம் போட்டு சிரிச்சாச்சு, ஜூன் 4 இந்திய ரிசல்ட்டுக்கு விடியக்காலைல எந்திரிச்சு டிவி பார்த்தாச்சு, ஆனா ஜூலை 4-ல நம்ம தெருவுலயே நடக்கப்போற எலக்ஷன்ல நமக்கும் ஓட்டு இருக்குன்னு நான் சொன்னப்ப பத்துல எட்டு பேர் நம்பவே இல்ல.

விஷயம் சிம்பிள். இந்தியா, இலங்கை, மலேசியா மாதிரி காமன்வெல்த் நாட்டு பாஸ்போர்ட், 18 வயசு, இங்க வசிக்கணும், கையில செல்லுபடியாகற விசா இருக்கணும், அவ்வளவுதான். ஸ்டூடன்ட், ஸ்கில்டு வொர்க்கர், டிபெண்டன்ட்னு 1983 தேர்தல் சட்டம் பிரிச்சுப் பார்க்கறதில்ல. பிஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி), சிட்டிசன்ஷிப்லாம் வேண்டாம். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து மிச்சம்னு வெச்சுக்கோங்க, இது ஒண்ணாவது நமக்கு சாதகமா மிஞ்சியிருக்கு.

இதுல ஒரு கூத்து. யாழ்ப்பாணத்து ஐயா ஒருத்தர் நம்ம கிளையன்ட், ஜெர்மன் பாஸ்போர்ட்ல வந்து இருபது வருஷமா இங்க கடை நடத்துறார், வரி கட்டுறார், ஆனா ஜெர்மனி காமன்வெல்த்ல இல்லாததால அவருக்கு ஓட்டு கவுன்சில் தேர்தலோட சரி, பார்லிமென்ட் தேர்தல்ல கிடையாது. அவர் வீட்டு மாடி ரூம்ல 2023 செப்டம்பர்ல வந்து இறங்குன கோயம்புத்தூர் தம்பிக்கு இருக்கு. ஐயாவுக்கு இதுல செம கடுப்பு, "தம்பி, உங்கட சட்டம் நல்லாயிருக்கு"ன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போனார், நான் எழுதுன சட்டம் மாதிரி.

அடுத்த கேள்வி எப்பவும் பயம்தான். ஓட்டுப் போட்டா பிஆர் கேக்கும்போது பிரச்சனை ஆகுமா, இந்திய சிட்டிசன்ஷிப் போயிடுமா? ரெண்டும் இல்ல. இன்னொரு நாட்டு சிட்டிசன்ஷிப் வாங்குனாதான் இந்திய சிட்டிசன்ஷிப் போகும், ஓட்டுப் போட்டா போகாது. நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு விசா கொடுக்கற ஹோம் ஆபீஸுக்குத் தெரியவும் போறதில்ல. ஆனா ஒண்ணு, அசைலம் (அகதியா தஞ்சம்) கேஸ் போட்டுட்டு விசா எதுவும் இல்லாம முடிவுக்குக் காத்திருக்கறவங்க பதியாதீங்க, ஃபார்ம்ல நேஷனாலிட்டியை மாத்தி எழுதுற வேலையும் வேண்டாம், பொய் தகவல் கொடுக்கறது குற்றம்.

நமக்கெதுக்கு இந்த ஊர் அரசியல்னு கேக்கறவங்க 2024-ம் வருஷத்தை மட்டும் திரும்பிப் பாருங்க. பிப்ரவரில ஹெல்த் சர்சார்ஜ், அதாவது விசாவோட சேர்த்து கட்டற மருத்துவக் கட்டணம், வருஷத்துக்கு 624 பவுண்டுல இருந்து 1,035 ஆச்சு, மார்ச் 11-ல இருந்து கேர் விசால புதுசா வர்றவங்க குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியாதுன்னு ஆச்சு, ஏப்ரல்ல ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான வருஷ சம்பள வரம்பு 26,200 பவுண்டுல இருந்து 38,700 ஆச்சு. நம்ம டெஸ்கோ பை பொண்ணு முன்னாடியே வந்துட்டதால தப்பிச்சாங்க, அவங்க தங்கச்சி மாட்டிக்கிட்டா. இதெல்லாம் பார்லிமென்ட்ல இருக்கறவங்க முடிவு பண்றது. எந்தக் கட்சின்னு நான் சொல்ல மாட்டேன், அது என் வேலை இல்ல, ஆனா ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட இந்த நம்பரையெல்லாம் கேளுங்க.

அந்த எலக்ஷனுக்கு 2024 ஜூன் 18 ராத்திரி 11:59 வரைக்கும் ஆன்லைன்ல பதிய டைம் இருந்துச்சு, நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் (வேலை, வரிக்காக கொடுக்கற நம்பர்) கையில இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. லீவுக்கு ஊருக்குப் போற ஸ்டூடன்ட்ஸ் உங்களுக்குப் பதிலா இன்னொருத்தர் போட ப்ராக்ஸி கேக்கலாம், அதுக்கு அப்போ ஜூன் 26 சாயங்காலம் 5 மணி வரை டைம் இருந்துச்சு. அப்புறம் பூத்துக்கு போட்டோ ஐடி கட்டாயம், வட அயர்லாந்தைத் தவிர மத்த இடத்துல, பொதுத்தேர்தல்ல 2024-லதான் இது முதல் தடவை. ஆதார் செல்லாது, காலேஜ் கார்டும் செல்லாது. இந்திய பாஸ்போர்ட் செல்லும், பிஆர்பி கார்டு (போட்டோ போட்ட விசா கார்டு) செல்லும், தேதி முடிஞ்சிருந்தாலும் போட்டோல உங்க முகம் அடையாளம் தெரிஞ்சா போதும்.

அந்தப் பொண்ணுக்கு ஆபீஸ்லயே உக்காந்து பதிஞ்சு கொடுத்தேன். கிளம்பும்போது, "விரல்ல மை எந்தக் கைல சார் வைப்பாங்க?"ன்னு கேட்டாங்க. இங்க மையே கிடையாதும்மா, கயிறு கட்டுன ஒரு பென்சில் இருக்கும், பெருக்கல் குறி போட்டுட்டு மடிச்சு பெட்டில போட்டுட்டு வந்துட வேண்டியதுதான்னேன். முகம் தொங்கிப்போச்சு. அம்மாவுக்கு அனுப்ப போட்டோ வேணுமாம்.