19 பேருக்கு 3.46 வராது

"ஆய்வாளர்கள் மூலத் தரவைத் தர மறுக்கிறார்கள். வெறும் அச்சான ஆய்வுக் கட்டுரையை வைத்துக்கொண்டு அதில் தப்பு இருக்கிறதென்று எப்படிச் சொல்ல முடியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

19 பேரிடம் சாப்பாட்டுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடச் சொன்னோம், சராசரி 3.46 என்கிறது ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் போட்டது முழு எண். அப்படியானால் மொத்தமும் முழு எண்தான். 3.46-ஐ 19-ஆல் பெருக்குங்கள்: 65.74. எனவே மொத்தம் 65 ஆகவோ 66 ஆகவோ இருக்க வேண்டும். 65-ஐ 19-ஆல் வகுத்தால் 3.42, 66-ஐ வகுத்தால் 3.47. நடுவில் எதுவும் இல்லை. 19 பேர் என்ன மதிப்பெண் போட்டாலும் 3.46 பிறக்காது!

நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கிய இந்தச் சோதனைக்கு 'கிரிம்' என்று பெயர். உளவியல் கட்டுரைகள் 260-ஐ எடுத்து, சோதிக்கத் தோதான 71-ஐப் பார்த்தார்கள். 36 கட்டுரைகளில் ஒரு சராசரியாவது இப்படி உதைத்தது.

உதைத்தாலே மோசடி என்று குதிக்கக் கூடாது. ஆறு பேர் அந்தக் கேள்வியை விட்டிருந்தால் மீதி 13 பேர். 45-ஐ 13-ஆல் வகுத்தால் அச்சாக 3.46. யார் யார் பதில் சொல்லவில்லை என்று எழுதாமல் விட்டதுதான் குற்றம். தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். இரண்டு தசமம் மட்டும் தந்திருந்தால், 100 பேருக்கு மேல் போனதும் சோதனை பல்லிழந்துவிடும்: எந்தச் சராசரியும் ஏதோ ஒரு மொத்தத்துக்குப் பொருந்தும். ஒவ்வொருவரும் நான்கு கேள்விகளுக்குப் போட்ட மதிப்பெண்களின் சராசரி என்றால் 19 பேர் 76 பேருக்குச் சமம், இன்னும் பிடிக்கலாம். ஆறு கேள்வி என்றால் 114, கைவிட வேண்டியதுதான்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உணவுப் பழக்கங்களை ஆராய்ந்த பிரையன் வான்சிங்கின் குழு பீட்சா பஃபே பற்றி எழுதிய நான்கு கட்டுரைகளை 2017-இல் பிரவுனும் வேறு இருவரும் இப்படித்தான் குடைந்தார்கள். ஏறத்தாழ 150 முரண்பாடுகள். பிறகு வான்சிங்கின் மற்ற கட்டுரைகளையும் பலர் துருவினார்கள். 2018 செப்டம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா குழும ஆய்விதழ்கள் அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரே நாளில் திரும்பப் பெற்றன; மூலத் தரவு கிடைக்காததால் முடிவுகளுக்கு உத்தரவாதம் தர முடியவில்லை என்பது காரணம். புதிதாக எதையாவது கண்டுபிடிக்க மானியம் கிடைக்கிறது. பழைய கணக்கைச் சரிபார்க்கச் சல்லிக்காசு கிடைப்பதே அபூர்வம். இது எனக்குப் புரியாத பொருளாதாரம்.

எல்லாத் தப்பையும் கால்குலேட்டர் பிடிக்காது. ஆப்பிளில் எல்மோ என்ற டிவி பொம்மையின் ஸ்டிக்கர் ஒட்டினால் பிள்ளைகள் அதை எடுப்பார்கள் என்ற வான்சிங்க் கட்டுரை ஒருமுறை திரும்பப் பெறப்பட்டு, திருத்தி வெளியாகி, அடுத்த மாதமே மறுபடியும் திரும்பப் பெறப்பட்டது. 8 முதல் 11 வயதுப் பிள்ளைகள் என்று எழுதியிருந்தார்கள். உண்மையில் ஆப்பிளை எடுத்தவர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள்.